கூடத்துப் பேச்சு: அந்தக் கால அபியும் இந்தக் கால கண்ணம்மாவும்



புளிக்காய்ச்சல் மாசக் கணக்கில் கெடாமல் இருக்கப் பக்குவம் சொல்கிறேன் என்று போன தடவை எழுதியிருந்தேன். அதை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் மாம்பலம் வீட்டுக் கூடத்தில் கொஞ்ச நாளாக ஒரு வழக்கு நடக்கிறது. வாதி என் மாமியார், வயது எண்பத்து மூன்று. பிரதிவாதி என் மருமகள், முப்பத்து மூன்று. நடுவில் இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் நான். வழக்கு என்ன தெரியுமா? அந்தக் காலத்து சீரியல் ஒசத்தியா, இந்தக் காலத்து சீரியல் ஒசத்தியா?

சிரிக்காதீர்கள். இதனால் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் பெரிய ஆபத்தே வர இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

“பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, நெத்திச்சுட்டி வெச்சுக்கிட்டு எவளாவது பாத்திரம் தேய்ப்பாளா? மெட்டி ஒலி பார்த்திருக்கியா நீ? அதுல வந்தது வீடு. இது ஏதோ வாடகைக்கு எடுத்த பங்களா” என்பது மாமியாரின் கட்சி.

“பாட்டி, கோலங்கள் நான் ஆறாவது படிக்கிறப்போ ஆரம்பிச்சுது. பன்னிரண்டாவது படிக்கிறப்போதான் முடிஞ்சுது. இழுக்கிறதுன்னா என்னன்னு உங்க காலத்து ஆளுங்கதானே கத்துக் குடுத்தாங்க?” என்பது மருமகளின் கட்சி.

அவள் சொல்கிற கணக்கு சரிதான். தேவயானி அபியாக நடித்த அந்தத் தொடர் 2003 நவம்பரில் ஆரம்பித்து 2009 டிசம்பரில் முடிந்தது. 1500 பகுதிக்கு மேல்! அதற்கு முன்னால் 2002-லிருந்து 2005 வரை ஓடிய மெட்டி ஒலி 800 பகுதியைத் தாண்டியது. ‘அப்போதெல்லாம் இழுக்கவே மாட்டார்கள்’ என்று நாம் சொல்கிறோமே, அது ஞாபகம் செய்கிற மோசடி. நல்ல நாலு காட்சி மனசில் தங்கிவிடுகிறது. நடுவில் ஒரே விஷயத்தை மூன்று வாரம் முகத்தை முகத்தைக் காட்டி ஓட்டினார்களே, அது மறந்து போகிறது. பிரசவ வலி மறந்து போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

உண்மையிலேயே இழுக்காத காலம் ஒன்று இருந்தது. அது சன் டி.வி. வருவதற்கு முன்னால். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் வந்தது. நான் கல்யாணமாகி மாம்பலத்துக்கு வந்த 1986-ல் எங்கள் வீட்டில் பெட்டி கிடையாது. எதிர் வீட்டில்தான், மரக் கதவை இழுத்து மூடுகிற சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி. அடுத்த வருஷம் ஜனவரியில் ராமானந்த் சாகரின் ராமாயணம் ஆரம்பித்ததும் ஞாயிறு காலையில் தெருவே அந்தக் கூடத்தில் இருக்கும். ஹிந்தி ஒருவருக்கும் தெரியாது. டில்லியில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு அம்மாள்தான் வரிக்கு வரி சொல்லுவார். கைகேயி வரம் கேட்டபோது கோபத்தில் அவர் சொல்வதையே நிறுத்திவிட்டார். ஒருத்தரும் கேட்கவில்லை. கைகேயி என்ன கேட்பாள் என்று தெரியாதா நமக்கு!

பிறகு பாலசந்தரின் ரயில் சிநேகம், கையளவு மனசு எல்லாம் வந்தன. வாரத்துக்கு ஒரு நாள்தான். பெரும்பாலான தொடர்களுக்குப் பதின்மூன்று வாரம் என்று அளவு உண்டு. எழுதுகிறவருக்குக் கதையின் முடிவு முதலிலேயே தெரிந்திருக்கும். ஒரு வாரம் முழுக்க நாம் அதைப் பற்றிப் பேசலாம், அடுத்தது என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ளலாம். 1999-ல் ராதிகாவின் சித்தி வந்து, ராத்திரி ஒன்பதரை மணியைத் தமிழ்நாட்டுக் குடும்பங்களிடமிருந்து வாங்கிக்கொண்டதோ இல்லையோ, அந்தப் பழக்கம் மாறிப் போச்சு. தினம் தினம் கதை வேண்டும். இப்போது பல தொடர்கள் திங்கள் முதல் சனி வரை வருகின்றன. அரை மணியில் விளம்பரம், தலைப்புப் பாட்டு, நேற்றைய கதை எல்லாம் போக இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதாவது ஒரு சினிமா அளவுக்குப் படம் எடுத்துத் தள்ள வேண்டும். அதோடு வாரா வாரம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு வேறு வந்துவிடுகிறது. கணக்கு இறங்கினால் நல்லவள் கெட்டவளாகிறாள், செத்தவன் பிழைத்து வருகிறான். சமையற்காரரிடம் பந்தி நடக்கும்போதே ‘சாம்பார் வேண்டாம், மோர்க்குழம்பாக்கு’ என்றால் என்ன செய்வார் பாவம்?

இதை நான் சொன்னால் மருமகளுக்குப் பிடிக்காது. அவளுடைய தொடர்களையும் நான் உட்கார்ந்து பார்த்தவள்தான். 2019-ல் தொடங்கிய பாரதி கண்ணம்மாவில் புருஷன் ஒரு டாக்டர். பெண்டாட்டி மேலே சந்தேகப்பட்டு, குழந்தை தன்னுடையது இல்லை என்கிறான். கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், நடக்கிறாள், நடந்துகொண்டே இருக்கிறாள். ஊரே கேலி செய்தது. ‘ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்தா முடியற விஷயம். டாக்டருக்கு இது தெரியாதா?’ என்று கேட்காத வீடு இல்லை. என் மாமியாரே கேட்டார். டி.என்.ஏ. என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. “அந்த டெஸ்டை எடுத்துத் தொலையேண்டா” என்று டி.வி.யைப் பார்த்துத் திட்டுவார். ஆனால் தினம் பார்ப்பார்!

அதற்காக இந்தக் காலத்துத் தொடரெல்லாம் குப்பை என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம்தான் 2022-ல் எதிர்நீச்சல் எடுத்தார். படித்த பெண்களை மருமகளாகக் கொண்டு வந்து அடுப்படியில் வைத்துப் பூட்டுகிற வீடு. ஆதி குணசேகரனாக மாரிமுத்து அதட்டும்போது எத்தனை பேருக்கு மாமனார் ஞாபகம் வந்ததோ! அந்த நல்ல நடிகர் 2023 செப்டம்பர் 8-ல், டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து, காலமாகிவிட்டார். தொடர் 2024 ஜூன் வரை ஓடியது. டிசம்பரில் இரண்டாம் பாகமும் வந்தது. அபி தனியாக நின்று போராடினாள். இதில் ஓரகத்திகள் நாலு பேரும் சேர்ந்து மூச்சு விடப் பார்க்கிறார்கள். ஓரகத்தி என்றாலே விஷம் வைப்பவள் என்று இருபது வருஷமாகக் காட்டிய பெட்டியில் இதைப் பார்த்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் என் ஓட்டு மருமகளுக்குத்தான்.

இப்போது அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

எங்கள் பேத்திக்கு மூன்றரை வயசு. டி.வி. ஓடினால்தான் வாய் திறக்கும். அன்றைக்கு ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, விரலை நீட்டி, “உன்னை இந்த வீட்டை விட்டே துரத்தறேன் பாரு” என்றது. வில்லி மாதிரியே புருவத்தை வேறு தூக்கிக்கொண்டு! மாமியார் சிரித்துவிட்டார். மருமகளுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. ரிமோட்டை எடுத்துப் பெட்டியை அணைத்தாள். “இனிமே ராத்திரி டி.வி. கிடையாது. இதுக்குத்தான் உங்க சீரியல் என் சீரியல்னு சண்டையா?” என்றாள். மாமியார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டேன், பசிக்கவில்லை என்றார்.

நான் செய்த தப்பு, அவர் ஏற்கெனவே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டதை மறந்ததுதான். பத்தரை மணிக்கு எட்டிப் பார்க்கிறேன், உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்குகிறது. பேச்சு குழறுகிறது. வீட்டிலிருக்கும் கருவியில் விரலைக் குத்திப் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்வு. தன் நினைவு இருந்ததால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். கால் மணி கழித்துப் பார்த்தால் 88. அப்புறம் இரண்டு இட்லி. மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் சொன்னோம். சகோதரிகளே, வீட்டில் சர்க்கரைக்காரப் பெரியவர்கள் இருந்தால் இதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில மாத்திரைகளைப் போட்ட பிறகு சாப்பிடாமல் இருக்கவே கூடாது. நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான்.

மருமகள் அன்று ராத்திரி முழுக்க அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். விடிகாலையில் மாமியார் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “பெரியவ இருந்தா சொல்லுவாம்மா, யார் பக்கம் நியாயம்னு.”

பெரியவள் என்றால் என் மாமியாரின் மூத்த ஓரகத்தி, எனக்குப் பெரியத்தை. அடுத்த தெருதான். சித்தி காலத்திலிருந்து தினம் காலை பத்து மணிக்கு முறத்தோடு வந்து உட்காருவார். இரண்டு பேரும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே முந்தின நாள் கதையைப் பிரித்து மேய்வார்கள். அபி அந்தக் காசைக் கொடுத்திருக்கலாமா, கூடாதா என்று ஒரு தடவை சண்டை முற்றி, இரண்டு நாள் பேச்சே இல்லை! 2020-ல் ஊரடங்கு வந்து படப்பிடிப்பெல்லாம் நின்று, மெட்டி ஒலியை மறுபடி போட்டார்களே, அப்போது தெருவைத் தாண்ட முடியாமல் போனிலேயே பேசினார்கள். போன தை மாசம் பெரியத்தை போய்விட்டார். அன்றிலிருந்துதான் என் மாமியார் புதுத் தொடர் எதைப் பார்த்தாலும் கரித்துக் கொட்ட ஆரம்பித்தார். எனக்கு இது உறைக்கவே இல்லை பாருங்கள். நாற்பது வருஷமாகக் கூட இருக்கிறேன்! வந்து எட்டு வருஷம் ஆன மருமகள்தான் கண்டுபிடித்தாள்.

இப்போது வீட்டில் ஒரு ஏற்பாடு. குழந்தை சாப்பிடும்போது டி.வி. இல்லை. முதல் நாலைந்து நாள் ரகளைதான், தட்டைத் தள்ளியது, பாதி வயிற்றோடு தூங்கியது. ஒன்றும் ஆகிவிடவில்லை. காலையில் இரண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது. இரண்டு வயசுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் சொல்லியிருக்கிறது. கதை கேட்டுச் சாப்பிடும் குழந்தைக்கு எவ்வளவு உள்ளே போச்சு என்று தெரியும். டி.வி. பார்த்துச் சாப்பிடுவதற்குத் தெரியாது. பெரியவர்களான நமக்கும் அதே கதைதான் என்பதை மிக்ஸர் டப்பாவைக் கேட்டால் சொல்லும்.

மதியம் இரண்டரைக்குப் பேத்தி தூங்கியதும் மருமகள் மெட்டி ஒலியில் ஒரு பகுதியைப் பெட்டியில் போடுகிறாள். பாட்டிக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலி. முதல் இரண்டு நாள் அவள் கடமைக்கு உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் பார்க்கிறேன், கையில் முருங்கைக்கீரையோடு பாட்டியும் பேத்தி மருமகளும் சேர்ந்து ஆய்ந்துகொண்டிருக்கிறார்கள், கீரையையும் சிதம்பரத்தையும்.

“பொண்ணைக் குடுத்துட்டா இப்படியா பயந்து சாவாரு ஒரு மனுஷன்? முதல் நாளே அந்தச் சம்பந்தியை நாலு கேள்வி கேட்டிருக்கணும் பாட்டி.”

“கேட்பே கேட்பே. அஞ்சு பொண்ணு. தாயில்லாத வீடு. நீயா பின்னாடி நாலு பேருக்கு மாப்பிள்ளை தேடித் தருவே?”

“அதுக்காக?”

“அதுக்காகத்தான். இரு, உங்க அத்தையையே கேட்போம். ஏம்மா, அங்க என்ன பண்றே? இங்க வந்து நீயே சொல்லு!”

நான் வாய் திறக்கவில்லை. இட்லிக்கு அரைக்கணும் என்று சொல்லி உள்ளே வந்துவிட்டேன். நீங்களே சொல்லுங்கள், சிதம்பரம் செய்தது சரியா? தபாலில் எழுதுங்கள், மாமியாருக்குப் படித்துக் காட்டுகிறேன். புளிக்காய்ச்சல் அடுத்த இதழில், சத்தியமாக.