எச்சரிக்கை வந்தது, கூலி வந்ததா?

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுவை ஜனங்கள் கடல் பக்கம் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நமக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஏரி நிரம்புவதும் இந்த மழையால்தான். ஏழையின் குடிசை விழுவதும் இந்த மழையால்தான்.

இம்மூன்று மாத மழை எப்படி இருக்கும் என்று இந்திய வானிலை ஆராய்ச்சித் துறை முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது. பசிபிக் மகாசமுத்திரத்தின் நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில் நம் பக்கம் மழை கூடுவதும், குளிரும் ஆண்டுகளில் குறைவதும் பெரும்பாலும் நடப்பவை. ஆனால் 'சராசரி மழை' என்று கேட்டதும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. மூன்று மாத மழையில் பெரும் பகுதி ஒரே நாளில் கொட்டித் தீர்த்தாலும், கணக்கில் அது சராசரிதான்!

நாம் அனுபவித்ததையே பார்ப்போம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரை கடந்தது. கடந்ததும் போய்விடவில்லை, பல மணி நேரம் நம் தலைக்கு மேலேயே நின்றது. மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் புதுவையில் 46 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நகரத்துப் பெரிய வாய்க்கால் தாங்குமா? கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஜனங்களை மீட்க வேண்டியதாயிற்று.

கடலோர மழையோடு கஷ்டம் தீர்ந்ததா? இல்லை. புயல் மெல்ல மேற்கே நகர்ந்து மலைப் பக்கம் போயிற்று. கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் வீட்டை மூடி ஏழு பேர் மாண்டனர். சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 விடியற்காலையில் விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடித் தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. அந்தத் தண்ணீர் நம் பாகூர் பக்கத்துக் கிராமங்களில் புகுந்தது. ஆகவே பாகூர் விவசாயி கடலோரக் கணிப்பை மட்டும் கேட்டால் போதாது. மலையில் என்ன மழை, அணையில் எவ்வளவு நீர் என்பதையும் அவனுக்கு நேரத்தோடு சொல்ல வேண்டும்.

வானிலைக் கணிப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. 1999-இல் ஒரிசாவைத் தாக்கிய புயலில் சுமார் பத்தாயிரம் பேர் மாண்டார்கள். 2019-இல் அதே மாநிலத்தை ஃபானி புயல் தாக்கியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தியதால் சாவு நூறைக்கூட எட்டவில்லை. முன்னறிவிப்பு உயிரைக் காக்கும், சந்தேகமில்லை.

ஆனால் ஒரு கேள்வி. 'சிவப்பு எச்சரிக்கை, யாரும் வெளியே வராதீர்கள்' என்று வானொலியும் தொலைக்காட்சியும் கூறுகின்றன. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு விடுமுறை, சம்பளமும் உண்டு. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் கூலிப் பெண்ணுக்கு? தொழிற்பேட்டையில் ஒப்பந்தத்தில் வேலை செய்யும் வாலிபனுக்கு? மூட்டை தூக்குபவருக்கு? வீட்டில் இருந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அவர்கள் அறிவில்லாமல் மழையில் போகவில்லை, தோழர்களே. அரிசி இல்லாமல் போகிறார்கள்!

சட்டம் என்ன சொல்கிறது? இயற்கை உற்பாதத்தால் வேலை கொடுக்க முடியாமற் போனால் அது 'லே-ஆஃப்'. பாதிச் சம்பளம் தர வேண்டும் என்று தொழில் தகராறு சட்டத்தில் இருந்தது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த விதி இருக்கிறது. ஆனால் யாருக்கு? ஐம்பது பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு. பதிலிக்கு இல்லை, தினக்கூலிக்கு இல்லை. வயலில் உழைப்பவர் இந்தக் கணக்கிலேயே இல்லை. யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களே வெளியே நிற்கிறார்கள்.

ஃபெஞ்சலுக்குப் பின் புதுவை சர்க்கார் ரேஷன் கார்டுக்கு 5,000 ரூபாயும், பயிர்ச் சேதத்துக்கு ஹெக்டேருக்கு 30,000 ரூபாயும் அறிவித்தது. வரவேற்கத் தக்கதே. ஆனால் ஹெக்டேர்க் கணக்கு நிலம் உள்ளவருக்குத்தான். அழுகிய நெல்லோடு அறுவடைக் கூலியும் அழுகிப்போனதே, அதை எந்த ஹெக்டேரில் சேர்ப்பது?

'பணத்துக்கு எங்கே போவது?' என்பார்கள். சிவப்பு எச்சரிக்கை வருவது ஆண்டில் சில நாட்களே. அந்த நாட்களை நிர்ணயிப்பதும் சர்க்காரின் துறையே. யாரும் பொய்க் கணக்கு எழுத முடியாது. கேரளத்தில் 2021-இல், கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கையால் வேலையிழந்த மீனவக் குடும்பங்களுக்கு சர்க்கார் பணம் கொடுத்தது. அந்த நியாயம் மீனவருக்குப் பொருந்துமானால், நாற்றங்காலுக்கும் நெசவாலைக்கும் ஏன் பொருந்தாது?

எனவே நாம் கோருவது:

1. சிவப்பு எச்சரிக்கை நாட்களில் தினக்கூலி, ஒப்பந்த, விவசாயத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலியாவது கிடைக்க வேண்டும். பெரிய ஆலைகளில் முதலாளி தரட்டும். மற்றவர்களுக்கு சர்க்கார் தரட்டும்.

2. 'லே-ஆஃப்' பாதுகாப்பைப் பதிலித் தொழிலாளருக்கும் விரிவாக்க வேண்டும்.

3. சாத்தனூர், வீடூர் அணைகளைத் திறக்குமுன் பாகூர், வில்லியனூர் கிராமங்களுக்குப் பகலிலேயே தண்டோராவும் ஒலிபெருக்கியும் வர வேண்டும்.

4. வாய்க்கால்களைத் தூர்வாருவது புரட்டாசிக்குள் முடிய வேண்டும்.

மனு கொடுப்பதோடு நின்றுவிட வேண்டாம். ஒவ்வொரு சங்கக் கிளையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மழையால் வேலை போன நாள், இழந்த கூலி, ஆளின் பெயர் மூன்றையும் எழுதுங்கள். பேட்டையும் கிராமமும் சேர்ந்து அந்தக் கணக்கை சட்டசபை வாசலுக்குக் கொண்டுபோவோம். மழையை நிறுத்த நம்மால் ஆகாது. மழை நாளில் பட்டினி கிடக்க வேண்டும் என்ற விதியை மாற்ற நம்மால் ஆகும்.