செய்த ஊரா, கிடைத்த மண்ணா?

பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதி குறித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/880 ஒழுங்குமுறை 2025 ஜூன் 28 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. 250 ஆண்டு, 200 ஆண்டு, 18,000 யூரோ, 1972 ஏப்ரல் 24 ஆகிய எண்கள் இவ்விதழின் வாசகர்களுக்குப் பாடம். இறக்குமதி உரிமத்துக்கும் இறக்குமதியாளர் உறுதிமொழிக்கும் உள்ள வேறுபாட்டையும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சட்டம் தங்கள் தொழிலை முடக்கிவிடும் என்று பழம்பொருள் வணிகர்கள் முறையிட்டார்கள். அகழாய்வுப் பொருளுக்கு மதிப்பு எவ்வளவானாலும் உரிமம் கட்டாயம் என்ற விதியைத் தொல்லியலாளர்கள் வரவேற்றார்கள். இவ்விதழும் வரவேற்கிறது. ஆனால் ஒன்றாம் பிரிவின் இரண்டாம் பத்தியில் நிற்கும் ஒரு சொல்லை விட்டுவிட்டு வரவேற்க முடியவில்லை.

அந்தச் சொல் ‘அல்லது’. ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் உருவாக்கப்பட்ட, அல்லது அங்கே கண்டெடுக்கப்பட்ட பண்பாட்டுப் பொருள்களுக்கு இந்த ஒழுங்குமுறை பொருந்தாது என்பதே அந்தப் பத்தியின் சாரம். இரண்டு நிபந்தனைகளில் ஒன்று நிறைவேறினால் போதும்.

கிரேக்க, ரோமானியப் பொருள்களோடு புழங்குகிறவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். ஏதென்ஸில் வனைந்த கிண்ணம் ஒன்று நைல் கழிமுகத்து மண்ணுக்குள் 2,500 ஆண்டு கிடந்தது. நேற்றிரவு யாரோ திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். உருவாக்கிய இடம் ஏதென்ஸ். ஏதென்ஸ் ஒன்றியத்துக்குள் இருக்கிறது. ஆகவே உரிமமும் வேண்டாம், உறுதிமொழியும் வேண்டாம். 2020 டிசம்பர் 28 முதல் அமலில் இருக்கும் பொதுத்தடைகூட இந்தக் கிண்ணத்தைத் தொடாது. அதே குழியில் அதன் பக்கத்தில் கிடந்த, எகிப்தின் நௌக்ராட்டிஸ் நகரத்துப் பட்டறையில் செய்த ஸ்காரப் முத்திரைக்கு மட்டும் எல்லாக் காகிதமும் வேண்டும். ஒரே குழி, ஒரே திருட்டு, ஒரே பெட்டி. சுங்கச்சாவடியில் ஒன்று நிற்கும், மற்றது போய்விடும்.

எகிப்தின் 117/1983 சட்டம் வனைந்தவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்பதில்லை. அந்த மண்ணில் கிடைக்கும் தொல்பொருள் அரசுடைமை. மூன்றாம் பிரிவின் பொதுத்தடையும் ‘உருவாக்கப்பட்ட அல்லது கண்டெடுக்கப்பட்ட’ நாட்டின் சட்டம் மீறப்பட்டதா என்றுதான் கேட்கிறது. அங்கே அந்த ‘அல்லது’ காவல் நிற்கிறது. ஒன்றாம் பிரிவில் அதே ‘அல்லது’ பின்கதவைத் திறந்துவிடுகிறது. ஒரே சட்டத்துக்குள் ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதை வரைவாளர்கள் கவனிக்காமல் விட்டார்களா, கவனித்தும் விட்டார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. உறுப்பு நாடுகளிலிருந்து சட்டவிரோதமாக வெளியேறிய பொருள்களைத் திருப்பித் தர 2014/60 வழிகாட்டு ஆணை இருக்கிறது. ஏற்றுமதிக்கு 116/2009 ஒழுங்குமுறை இருக்கிறது. ஒன்றியத்துச் சொந்தப் பொருளுக்கு இன்னொரு பூட்டு எதற்கு என்று நினைத்திருக்கலாம். ஆனால் எகிப்தில் கிடைத்த ஏதென்ஸ் கிண்ணம் கிரீஸிலிருந்து திருடப்பட்டதல்ல. இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன் முறையாக விற்கப்பட்டு, கப்பலேறிப் போனது. எனவே 2014/60 அதற்கு உதவாது. புதிய ஒழுங்குமுறையும் கைகழுவிவிட்டது. களவுப்பொருளுக்கான பொதுச் சட்டங்கள் இருக்கவே இருக்கின்றன என்பார்கள். அவை போதுமென்றால் இந்த ஒழுங்குமுறையே தேவைப்பட்டிருக்காது.

இது எங்கோ ஒரு மூலையில் நடக்கும் விதிவிலக்கு என்று யாரும் தள்ளிவிட முடியாது. பண்டைய மத்தியதரைக் கடல் உலகத்தில் பொருள் செய்த ஊரில் தங்காமல் போவதுதான் வழக்கம். கிமு நான்காம் நூற்றாண்டு ஏதென்ஸ் மட்கலங்களில் ஒரு பெரும் தொகுதிக்கே ‘கெர்ச் பாணி’ என்று பெயர். கெர்ச் இருப்பது கிரிமியாவில். ஆப்கானிஸ்தானத்து பெக்ராமில் ரோமானியக் கண்ணாடி கிடைத்தது. இந்த ஒழுங்குமுறையின் ஒன்றாம் பிரிவு பண்பாட்டுப் பரிமாற்றத்தின் சாட்சியங்களையே குறிபார்த்து விலக்கிவிடுகிறது. உள்ளூரில் செய்து உள்ளூரிலேயே புதைந்ததற்குப் பாதுகாப்பு. கடல் கடந்ததற்கு இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இது தொலைதூரச் செய்தியும் இல்லை. அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த அரெட்டைன் ஓடுகளை நினைத்துப் பார்க்கலாம். இத்தாலியில் அதே வகை ஓடு கூடைகூடையாகக் கிடைக்கும். அங்கே அது பல்லாயிரத்தில் ஒன்று. அரிக்கமேட்டின் மண்ணடுக்கில் அதுதான் கடிகாரம்: அதைக் கொண்டுதான் வீலர் அந்த அடுக்குக்குக் காலம் குறித்தார். கூடக் கிடந்த ரூலெட் பானைக்கு அதனால் காலம் கிடைத்தது. ரூலெட் பானை கிடைத்த மற்றத் தென்னிந்தியக் களங்களுக்கும் அந்தக் காலக்கணக்கு நீண்டது. அந்த ஓட்டின் மதிப்பு முழுக்க முழுக்கக் கிடைத்த இடத்தில் இருக்கிறது. செய்த இடத்தில் கைப்பிடி அளவுகூட இல்லை. நாளைக்கு அப்படி ஓர் ஓடு யாருடைய சட்டைப்பையிலாவது ஐரோப்பாவுக்குள் நுழைந்தால், ஒழுங்குமுறையின் கண்ணுக்கு அது இத்தாலியப் பொருள். ஊர் திரும்புகிறது, அவ்வளவுதான்.

கோவை வட்டாரப் புதையல்களில் மிகுதியாக வரும் அகஸ்டஸ், திபேரியஸ் வெள்ளி தெனாரியஸ்களுக்கும் இதே கதி. அவை பெரும்பாலும் அச்சடிக்கப்பட்டது லுக்தூனுமில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில். நாணய வணிகர்கள் இந்தப் பத்தியை மனப்பாடமாக வைத்திருப்பார்கள் என்று நம்பலாம்.

இவ்விதழ் பல ஆண்டுகளாகப் புலம்பி வரும் ஒரு நோய் இங்கே சட்டமாகவே ஏறியிருக்கிறது. பாணியைப் பார், கையைப் பார், பட்டறையைப் பார். மண்ணை விடு என்ற நோய். கிரேக்க மட்கலவியலில் ஜான் பீஸ்லி ஆயிரமாயிரம் கலங்களை ஓவியர் வாரியாகப் பிரித்த உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முறை அருங்காட்சியகத்துக்கும் ஏலக்கூடத்துக்கும் ஒரு சௌகரியத்தைக் கொடுத்துவிட்டது: எங்கே தோண்டியது என்று கேட்காமலேயே ஒரு கலத்துக்குப் பெயரும் பிறப்பும் விலையும் வைக்கலாம். ஓவியர் தெரிந்தால் போதும், குழி எதற்கு?

நௌக்ராட்டிஸின் கதையே இதற்குப் பாடம். ஃபிளிண்டர்ஸ் பீட்ரி 1884-இல் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வண்ணம் தீட்டியதும் எழுத்துப் பொறித்ததும் பொறுக்கி எடுக்கப்பட்டன. எளிய எகிப்தியப் பானை ஓடுகள் பெரும்பாலும் களத்திலேயே விடப்பட்டன. எடுத்தவையும் அகழாய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனங்களுக்குப் பங்கு போடப்பட்டன. விளைவு, நூறாண்டுக்கு மேலாகப் பாடநூல்களில் நௌக்ராட்டிஸ் ‘எகிப்தில் ஒரு கிரேக்க நகரம்’. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆய்வுத் திட்டம் 17,000-க்கும் மேற்பட்ட பொருள்களை எழுபதுக்கும் மேற்பட்ட சேகரங்களிலிருந்து திரட்டிப் பட்டியலிட்ட பிறகுதான், களத்துக்கும் திரும்பப் போன பிறகுதான், அது எகிப்தியரும் திரளாக வாழ்ந்த ஆற்றுத் துறைமுகம் என்பது தெளிவானது. பொறுக்கியவர்களின் ரசனை ஒரு நகரத்தின் மக்கள்தொகையையே மாற்றி எழுதியிருந்தது.

அதே நௌக்ராட்டிஸ், ‘உருவாக்கிய நாடு’ என்ற கட்டத்தையும் கேலி செய்கிறது. அங்கே கிடைத்த கியோஸ் கிண்ணங்களில் சிலவற்றில் காணிக்கை வாசகம் சுடுவதற்கு முன்பே தீட்டப்பட்டிருக்கிறது. சுட்ட பிறகு கீறினால் எந்தப் பயணியும் கீறியிருக்கலாம். சுடுமுன் தீட்டியதென்றால் பக்தர் குயவரிடம் முன்கூட்டியே சொல்லிச் செய்வித்தது. கோயில் நௌக்ராட்டிஸில் என்றால் சூளையும் அங்கேதானா? மண்ணைச் சோதித்தால் அது கிரீஸின் கியோஸ் தீவின் மண்ணோடு ஒத்துப்போகிறது. களிமண்ணையே கப்பலில் கொண்டுவந்து நௌக்ராட்டிஸில் வனைந்திருக்கலாம் என்று ஜான் போர்ட்மேன் ஒரு யோசனை சொன்னார். அறிஞர்கள் பல பத்தாண்டுகளாக மோதிக்கொள்ளும் இந்தக் கேள்விக்குச் சுங்க அலுவலர் ஒருவர் இனி விடை எழுத வேண்டும். கியோஸ் என்று எழுதினால் ஒழுங்குமுறை பொருந்தாது. நௌக்ராட்டிஸ் என்று எழுதினால் உரிமம் கட்டாயம். இறக்குமதி செய்பவர் எந்தக் கட்சியில் சேருவார் என்று ஊகிக்க ஆய்வுப் பட்டம் தேவையில்லை.

எகிப்தின் பெரெனிகேயில் ஈசிஸ் கோயில் முற்றத்தில் 2022-இல் கிடைத்த புத்தர் சிலையையும் எடுத்துக்கொள்ளலாம். கல் இஸ்தான்புல் பக்கத்துச் சுரங்கத்தது, செதுக்கியது அலெக்சாண்டிரியாவாகவோ பெரெனிகேயாகவோ இருக்கலாம், வடிவம் இந்தியா என்று அகழாய்வாளர்கள் கருதுகிறார்கள். ‘உருவாக்கிய இடம்’ என்ற கட்டத்தில் மூன்று ஊர் முட்டிக்கொள்கின்றன. ‘கண்டெடுத்த இடம்’ என்ற கட்டத்தில் ஒரே ஊர், ஐயமில்லாமல்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. உருவாக்கிய அல்லது கண்டெடுத்த நாட்டை நம்பகமாகத் தீர்மானிக்க முடியாவிட்டால், ஐந்து ஆண்டுக்கு மேல் பொருள் இருந்த கடைசி நாட்டின் சட்டப்படி ஏற்றுமதியானது என்று காட்டினால் போதும். ஈசிஸ், சேராபிஸ் வெண்கலச் சிற்றுருவங்கள் ரோமானியப் பேரரசு முழுவதும் வணங்கப்பட்டவை. அவற்றின் நாட்டைத் ‘தீர்மானிக்க முடியாது’ என்று எழுதுவது எவ்வளவு சுலபம்! குழியின் அடையாளத்தை அழித்தவனுக்கே அந்த அறியாமையின் பலன் போய்ச் சேருகிறது.

போலிக் காகிதத்தின் கதையும் தெரிந்ததே. நெஜெமான்க் என்ற பூசாரியின் தங்கப் பூச்சுச் சவப்பெட்டியை நியூயார்க்கின் மெட்ரோபொலிடன் அருங்காட்சியகம் 2017-இல் ஏறக்குறைய 40 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1971-இல் கொடுத்ததாகக் காட்டிய எகிப்திய ஏற்றுமதி உரிமம் போலி என்று விசாரணையில் தெரிந்து, 2019-இல் திருப்பி அனுப்பியது. எகிப்தியப் பொருள் என்பதில் எள்ளளவும் ஐயமில்லாத ஒரு பெட்டிக்கே இந்த நிலை என்றால், கலப்பிலேயே பிறந்த பொருள்களுக்கு யார் காவல்?

இந்த ஒழுங்குமுறை 2019 ஏப்ரலில் நிறைவேறியது. மின்னணு அமைப்பு தயாராக ஆறு ஆண்டு எடுத்துக்கொண்டார்கள். கணினித் திரைக்கு ஆறு ஆண்டு கிடைத்தது. ஒரு ‘அல்லது’வைத் திருத்த ஒரு மதியப் பொழுது கிடைக்கவில்லை. களத்தில் தூரிகை பிடித்த ஒருவரை மேசையில் உட்கார வைத்திருந்தால் முதல் வாசிப்பிலேயே விரல் அந்தச் சொல்லில் நின்றிருக்கும். பண்பாட்டு அமைச்சகங்கள் தொல்லியலாளரைத் தேடுவது கண்காட்சித் திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும்தான். சட்டம் எழுதும்போது வணிகரின் வழக்கறிஞர் வருகிறார், அருங்காட்சியகத்தின் வழக்கறிஞர் வருகிறார், குழியின் சார்பில் பேச யாரும் வருவதில்லை.

கிமு 380-ஐ ஒட்டி எகிப்திய மன்னர் முதலாம் நெக்தனேபோ ஒரு சுங்க ஆணை போட்டார். கிரேக்கக் கடல் வழியாக வரும் சரக்கில் பத்தில் ஒன்று சாயிஸ் நகரத்து நெய்த் தெய்வத்தின் கோயிலுக்கு என்றது ஆணை. அதைப் பொறித்த ஒரு கல் 1899-இல் நௌக்ராட்டிஸில் கிடைத்தது. அச்சு அசலாக அதே போன்ற இன்னொரு கல் 2001-இல் கடலுக்கடியில் தோனிஸ்-ஹெராக்ளியோனில் பிராங்க் கோடியோவின் குழுவுக்குக் கிடைத்தது. இரண்டு கல்லும் ஒரே வாசகம், ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு: எந்த ஊரில் நிறுத்த வேண்டும் என்பதில். எகிப்தியர் தோனிஸ் என்றதும் கிரேக்கர் ஹெராக்ளியோன் என்றதும் ஒரே ஊர்தான் என்ற பழைய புதிரை அவிழ்த்தது அந்தக் கல்லும் அது கிடந்த இடமும் சேர்ந்துதான். யாராவது இரவில் முக்குளித்து அதை வாரிக்கொண்டு போயிருந்தால், இன்று நமக்கு ஓர் அழகான நகல் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இவ்விதழின் நிலைப்பாடு இதுதான். ஒன்றாம் பிரிவின் இரண்டாம் பத்தியிலிருந்து ‘உருவாக்கப்பட்ட’ என்ற அளவுகோல் நீங்க வேண்டும். விலக்குக்குக் கண்டெடுத்த இடம் ஒன்றே அடிப்படையாக வேண்டும். ‘தீர்மானிக்க முடியாது’ என்று எழுதுகிறவர், தீர்மானிக்க என்ன முயற்சி எடுத்தார் என்று காட்ட வேண்டும்.

அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏலக்கூடமோ வணிகரோ இறக்குமதியாளரோ கேட்கும் கருத்துரைகளில் முதல் வரியில் கண்டெடுத்த இடத்தை எழுதுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். பாணியை மட்டும் வைத்து ‘ஏதென்ஸ்’ என்றோ ‘இத்தாலி’ என்றோ கையெழுத்துப் போடாதீர்கள். அந்தக் கையெழுத்து இனி வெறும் கலை விமர்சனமாக நிற்காது, சுங்கவாசலில் நுழைவுச்சீட்டாகவே புழங்கும். ஒழுங்குமுறை முழுமையாக அமலான நாளிலிருந்து மூன்று ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் முதல் அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். 2028-க்குள் உங்கள் மேசைக்கு வரும் இத்தகைய கோரிக்கைகளின் விவரத்தை, பெயர்களை நீக்கிவிட்டு, இவ்விதழுக்கு அனுப்புங்கள்.