கைநாட்டு வைக்கும் முன் கேளுங்கள்



சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை, வேலை விட்டு வந்த தோழர் ஒருவர் ஒரு கற்றைக் காகிதத்தோடு என் மருந்தறைக்கு வந்தார். அவர் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். மலை இறங்கிப் போய் பட்டணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வைத்தியம் நடக்கிறது.

"டிரசர் ஐயா, வீட்டுக்காரி இதுல கையெழுத்துப் போட்டுட்டா. என்ன எழுதியிருக்குன்னு ரெண்டு பேருக்கும் புரியல. கடன் பத்திரமா இருக்குமோ?"

படித்துப் பார்த்தேன். கடன் பத்திரம் அல்ல. புதிய புற்றுநோய் மருந்தைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் சேர அந்த அம்மா சம்மதம் கொடுத்திருந்தார். அத்தனையும் ஆங்கிலத்தில். விஷயத்தைச் சொன்னதும் தோழரின் முகம் வாடிவிட்டது. "எங்கள எலியாக்கிட்டாங்களா ஐயா?" என்றார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பரிசோதனை என்றாலே கெடுதல் என்று ஓடாதீர்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்ற மாத்திரை இருக்கிறது. 1998-ல் அதை முதன்முதலில் விழுங்கியவர்கள் சில நோயாளிகள்தாம். 2001-ல் அமெரிக்கா அதற்கு அனுமதி கொடுத்தது. இன்று எத்தனையோ பேர் தினம் மாத்திரை சாப்பிட்டு, வருஷக்கணக்கில் குடும்பத்தோடு வாழ்கிறார்கள். அன்று சிலர் துணிந்து சேராவிட்டால் இது கிடைத்திருக்குமா?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டும் சேராதீர்கள். 1999, 2000 ஆண்டுகளில் கேரளத்தில், திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையத்தில் நடந்ததைக் கேளுங்கள். வாய்ப்புற்று வந்த 20-க்கும் மேற்பட்டவர்களுக்குப் புதிய மருந்தை ஊசியாகப் போட்டார்கள். அது சோதனை மருந்து என்பது அவர்களுக்குச் சரிவரச் சொல்லப்படவில்லை. இதில் சம்பந்தப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 2001-ல் விசாரித்து, தவறு நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டது. ஏழை என்றால், படிக்காதவன் என்றால், சொல்லாமலே ஊசி போடலாமா? சிந்தித்துப் பாருங்கள்!

நம் நாட்டில் இதற்கு முறை உண்டு. சுகாதார அமைச்சின் ஆஸ்பத்திரிகளில் இத்தகைய ஆராய்ச்சி நடக்க வேண்டுமானால், அமைச்சின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழு முதலில் அனுமதிக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால், ஆராய்ச்சியில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகினால் வழக்கமான வைத்தியத்தை நிறுத்தக் கூடாது.

ஆகவே டாக்டரிடம் இவற்றைக் கேளுங்கள்:

இது பழக்கத்தில் உள்ள மருந்தா, சோதனை மருந்தா? நான் சேராவிட்டால் எனக்கு என்ன வைத்தியம்? புது மருந்து எனக்குக் கிடைக்குமா, அல்லது சீட்டுக் குலுக்குவதுபோல் சிலருக்குத்தானா? என்னென்ன உபாதை வரலாம்? வந்தால் யார் பார்ப்பார்கள், யார் செலவு? எத்தனை தடவை மலை இறங்கி வர வேண்டும், பஸ் காசு உண்டா? காகிதத்தின் ஒரு பிரதி என்னிடம் இருக்குமா?

உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். நம் மக்கள் போகும் ஆஸ்பத்திரிகளில் இந்தக் காகிதங்கள் தமிழிலும் இருக்க வேண்டும் என்று சங்கம் குரல் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டில் ஒரு வெள்ளி குறைந்தால் கேட்கிறோம். உடம்பு விஷயத்தில் மட்டும் வாய் மூடி இருக்கலாமா?

அந்த அம்மாவோடு அடுத்த தடவை நானும் போனேன். தமிழ் பேசும் மிஸ்ஸி ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். அம்மா கேள்விகள் கேட்டார். கடைசியில், "இப்ப தெரிஞ்சு சேர்றேன்" என்று சொல்லி மறுபடி கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பெயர்தான் சம்மதம். முதலில் போட்டது வெறும் கிறுக்கல்.

— தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர், கேமரன் மலை