தடிமல்தானே என்று விட்டால்

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எங்கட ஊர்களில் பிள்ளை பிறந்த வீட்டுல நாற்பது முடியும் வரை ஆள் ஓயாது. வாற எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் போவார்கள். தடிமலோட வந்தவரிடம் “கொஞ்சாதீங்க” என்று சொன்னால் மரியாதைக் குறைவு. இந்த மரியாதையை நாங்கள் விட வேண்டும்.

பெரியவர்களுக்கு மூக்கு ஒழுகுவதோடு போகிற ஆர்.எஸ்.வி. வைரஸ், கைக்குழந்தையின் நுரையீரலில் சிறிய காற்றுக்குழாய்களை வீங்கவைத்து அடைக்கும். 2019இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் ஒரு இலட்சம் பிள்ளைகள் இதனால் இறந்ததாக மதிப்பிடப்பட்டது.

பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிவிடும். ஆனா கடுமையானால் பாதிப்பு நெஞ்சோடு நிற்காது. ஒட்சிசன் குறைந்தால் மூளை தாங்காது. இரத்தத்தில் சோடியம் குறைந்தால் வலிப்பு வரும். இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு, அதுவும் மாதம் முந்திப் பிறந்திருந்தால், பெரிசாக இருமல் இல்லாமலே மூச்சு இடையில் நின்றுபோகலாம். அரிதாக மூளையே வீங்கும். குக்கல் இருமலும் இப்படித்தான் மூளையைத் தாக்கும்.

பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால் காத்திருக்காதீங்க. பிள்ளை அழாமல் இருக்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்க. இரண்டு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50. அந்த எண்ணைத் தொட்டால் அது பாமசியில் பாணி மருந்து வாங்குற வருத்தம் இல்ல, ஆஸ்பத்திரி வருத்தம்.

ஆஸ்பத்திரி தூரமும் இல்ல. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஊருக்குள்ளேயே இருக்கு. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். சுணக்கம் வீட்டுக்குள்ளதான்: “வாப்பா வரட்டும்”, “ஓதிப் பார்ப்பம்”, “விடியட்டும்”. ஓதுறதை யாரும் வேண்டாம் என்று சொல்லல்ல. போற வழியிலும் ஓதலாம். ஆனா உம்மா பயந்து சொன்னால் அந்தச் சொல்லே போதும், யாரிடமும் அனுமதி கேட்டு அவ நிற்கக் கூடாது.

2, 4, 6 மாதங்களில் கிளினிக்கில் இலவசமாகப் போடுற ஐங்கூட்டுத் தடுப்பூசி குக்கலையும், ஹிப் கிருமியால் வருகிற நியூமோனியா, மூளைக்காய்ச்சலையும் தடுக்கும். நாள் தவறவிடாதீங்க. ஆர்.எஸ்.வி.க்கு பிரிட்டன் 2024 செப்டம்பரிலிருந்து கர்ப்பிணிகளுக்கே ஊசி போடுகிறது. எங்கட தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்ல. அது வரும்வரை எங்கள் கையில் இருப்பது சோப்பும், தாய்ப்பாலும், கொஞ்சம் தள்ளி நிற்பதும்தான்.

இது உம்மாமாரின் வேலை மட்டும் இல்ல. வாசலில் நின்று “தடிமல் இருந்தா பிறகு வாங்க” என்று சொல்வது எங்கட, இளைஞர்மாரின் வேலை. பிள்ளை இருக்கிற வீட்டுக்குள் சிகரெட் பத்தாமல் விடுவதும் அப்படித்தான். யாராவது கோவிச்சுக்கொண்டால், பெருநாளைக்கு சலாம் சொல்லிச் சேர்ந்துகொள்ளலாம்.