பெட்டி எப்போது போய்ச் சேரும்?



போன சனிக்கிழமை லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தேன். கப்பல் பார்சல் எடுக்கும் கடையொன்றின் வாசலில் ஒரு அம்மா பெரிய மட்டைப்பெட்டியோடு நின்றார். ரின்மீன், பால்மா, சூப் பக்கற், பிஸ்கட் எல்லாம் வடிவாக அடுக்கியிருந்தார். "தம்பி, இது வவுனியாவுக்கு எப்ப போய்ச் சேரும்?" என்று கேட்டார். கடைக்காரர், "அது கப்பலைப் பொறுத்தது அம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியை நிறுக்கத் தொடங்கினார். அம்மாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. அவருக்காகத்தான் இம்மாதப் பத்தி.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். பாரிசுக்கு வெளியே உணவு பொதி செய்யும் தொழிற்சாலையொன்றில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். பெல்ற்றின் கடைசியில் நின்று, நெளிந்த ரின்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு நல்லவற்றைப் பெட்டியில் அடுக்குவது என் வேலை.

இந்த ரின் சாப்பாட்டுக்கு வழி காட்டியவர் இதே பாரிசில் வாழ்ந்த ஒரு மனிதர்தான். நிக்கோலா அப்பேர் என்று பெயர். லொம்பார் வீதியில் இனிப்புக் கடை வைத்திருந்தவர். சாப்பாட்டைப் போத்தலில் போட்டு, காற்றுப் புகாமல் தக்கையால் இறுக்கி மூடி, கொதிதண்ணீரில் அவித்தால் மாதக்கணக்கில் பழுதாகாது என்று கண்டுபிடித்தார். பிறகு மாஸியில் தொழிற்சாலை போட்டார். நாங்கள் கார் து நோரில் ஏறும் 'பி' ரயில் போகிற அதே மாஸிதான். 1810 இல் அரசாங்கம் அவருக்கு 12,000 பிராங் பரிசு கொடுத்தது, செய்முறையைப் புத்தகமாக எழுதி எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு. கிருமிதான் காரணம் என்பது அப்போது அவருக்கே தெரியாது. அதைப் பாஸ்தர் விளக்க இன்னும் அரை நூற்றாண்டு சென்றது. எங்கள் ஊரிலும் காரணம் கேட்காமலே ஒடியலும் பனாட்டும் கருவாடும் காயவைத்தார்கள்தானே. அப்படித்தான் இதுவும்.

ஆகவே அம்மா, ரின்னுக்குள் இருப்பது கடலால் பழுதாகாது. பழுதாவது வெளியில் இருப்பது. இங்கே குளிரில் பூட்டிய கொன்ரெயினர் வெப்பக் கடலுக்குப் போகிறது. பகல் வெயிலில் உள்ளே ஈரம் ஆவியாகும். இரவு தகரக் கூரை குளிர, அந்த ஆவி துளியாகிக் கீழே விழும். மட்டை ஊறும், பிஸ்கட் நமுக்கும், தூள் கட்டிபடும். பெட்டிக்குள் முதலில் தடித்த பொலித்தீன் பையை விரித்து, அதற்குள் சாமானை வைத்து, வாயை இறுக்கிக் கட்டுங்கள். பாரமான ரின் அடியில், பக்கற் மேலே. சவர்க்காரத்தைச் சாப்பாட்டோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள், தேயிலைகூட மணக்கும். போய்ச் சேர்ந்த ரின் ஊதியிருந்தால் மணந்தும் பார்க்க வேண்டாம், எறியச் சொல்லுங்கள்.

திகதியையும் பாருங்கள். பிரெஞ்சுப் பொதிகளில் இரண்டு வகைத் திகதி உண்டு. ஒன்று, இந்த நாளுக்குள் உண்ண வேண்டும் என்பது. அது குளிர்ப்பெட்டிச் சாமான், கப்பலுக்கு ஆகாது. மற்றது, இந்த நாளுக்கு முன் உண்பது நல்லது என்பது. கப்பலுக்கு இதுதான். அதிலும் ஒரு வருடமாவது மிச்சம் இருக்கட்டும். ஏனென்றால் பயணம் நீளலாம். 2023 இன் கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், பெரிய கொம்பனிகள் சூயெஸ் கால்வாயை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிக் கப்பலை விட்டன. அப்படிச் சுற்றினால் பத்து நாள், இரண்டு கிழமை கூடும். துறைமுகத்திலும் சுங்கத்திலும் நிற்கும் நாட்கள் வேறு.

இந்த நாட்களைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தது.

என்னோடு வேலை செய்யும் அண்ணை ஒருவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார்: "தம்பி, வணங்காமண் கப்பலுக்கு நாங்களும் பெட்டி கட்டினனாங்கள். அரிசி, பருப்பு, பால்மா. நீ அப்ப எங்கை இருந்தனி?"

"முள்ளிவாய்க்காலிலை அண்ணை. பதினாறு வயசு. கஞ்சி வரிசையிலை நிண்டனான்."

அவர் பாணைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

2009 வைகாசி முற்பகுதியில், மார்செய்க்குப் பக்கத்திலுள்ள ஃபோஸ் துறைமுகத்திலிருந்து அந்தக் கப்பல் புறப்பட்டது. 'கப்டன் அலி' என்று பெயர். ஐரோப்பியத் தமிழர் சேர்த்த 884 தொன் உணவும் மருந்தும் அதில் இருந்தன. அது கடலில் வந்துகொண்டிருக்கும்போதே, மே 18 அன்று எல்லாம் முடிந்துவிட்டது. ஜூன் 4 ஆம் திகதி இலங்கைக் கடற்படை மறித்தது. சோதித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கப்பல் சென்னைக்குப் போய் வெளியில் நின்றது. ஜூலையில் சாமான்களை அங்கே இறக்கி, வேறு கப்பலில் கொழும்புக்கு ஏற்றினார்கள். செஞ்சிலுவைச் சங்கம் பொறுப்பெடுத்தும், கட்டணம், கடுதாசி என்று கொழும்புத் துறைமுகத்திலும் மாதக்கணக்கில் கிடந்தது. நானும் அம்மாவும் அப்போது செட்டிகுளம் மனிக் பாம் முகாமில். அந்தப் பெட்டி ஒன்றுகூட எங்கள் கூடாரத்துக்கு வரவில்லை. வேறு ஆருக்காவது கிடைத்திருந்தால் சந்தோசம்.

அண்ணையிடம் சொன்னேன்: "நீங்கள் கட்டினது வீண் இல்லை. ஆனால் பசி வந்தாப்பிறகு கட்டின பெட்டி."

ரின் இரண்டு வருடம் காத்திருக்கும். வயிறு இரண்டு நாள் காத்திராது. அதனால் உறவுகளே, ஊரில் கடை திறந்து சாமான் இருக்கும் காலத்தில் அவசரத்துக்குக் காசு அனுப்புங்கள். அது நாளைக்கே அரிசியாகும். பெட்டியை அவசரத்துக்கு நம்பாதீர்கள். வசதியாக இருக்கும் காலத்திலேயே முன்கூட்டி அனுப்பி, அங்கே கையிருப்பாக இருக்கச் செய்யுங்கள். 2022 இல் பால்மாவுக்கு வரிசை நின்றபோது, காசு இருந்தும் வாங்கச் சாமான் இருக்கவில்லை. முன்னமே பெட்டி போயிருந்த வீடுகளில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியில் பால் இருந்தது.

என் அம்மா இப்போது கிளிநொச்சியில். நான் அனுப்பும் ரின்களைக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறா. "திகதி முடியப்போகுது, சாப்பிடுங்கோ அம்மா" என்று ரெலிபோனில் சொன்னால், "கிடக்கட்டும் தம்பி, என்னவும் வந்தால்..." என்று நிறுத்திவிடுவா. நான் மேலே ஒன்றும் சொல்வதில்லை. இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு எழுதி வைக்கிறேன்: "புதுசைக் கீழே வையுங்கோ, பழசை முதல் எடுங்கோ. முடிய முடிய அனுப்புவன்."

அந்த வவுனியா அம்மாவும் இப்படி ஒரு துண்டு எழுதி வைத்தால் நல்லது.

அடுத்த இதழில் சந்திப்போம்.