நான்கு அறைக்கு ஒரு பாட்டு

கூடத்து வானொலி பாட, அடுக்களையில் இருப்போர் செவியைத் தீட்டி நிற்பது ஏன்? ஒலியை அறைதோறும் கொண்டுசெல்லலாம், நேயர்களே! அதற்குமுன் சிறு கணக்கொன்று அறிதல் வேண்டும்.

அம்பிளிபயரின் ஒரே முனைச் சோடியில் 8 ஓம் ஒலிபெருக்கிகள் நான்கைச் சமாந்தரமாக இணைத்தால் மொத்தத் தடை 2 ஓமாகக் குறையும். மின்னோட்டம் மிகுந்து கருவி சூடேறும். வீட்டுக் கருவிகளுட் பல அதனைத் தாங்கா. ஆதலின் இரண்டிரண்டாகத் தொடரில் இணைத்து, அவ்விரு சோடிகளையும் சமாந்தரமாக்குக. மீண்டும் 8 ஓமே கிடைக்கும். ஆனால் சோடியில் ஒன்று அறுந்தால் மற்றதும் ஊமையாகும்.

தலைமன்னாரின் உப்புக் காற்று செம்பிற் களிம்பேற்றுவது; ஒவ்வோர் இணைப்பையும் ஈயத்தாற் பற்றவைத்து, காற்றுப் புகாமல் மூடுதல் நலம்.

இன்று கம்பியின்றி, வைஃபை வழியே அறைதோறும் பாடும் கருவிகளும் உள. வசதியானவையே, ஆயினும் 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியை நினைமின். அத்தகைய இரவில் மின்சாரம் நின்றால் அவையும் நின்றுவிடும்.

பாட்டுக்கு நான்கு ஒலிபெருக்கிகள் இருக்கட்டும். புயல் அறிவிப்புக்குப் பற்றரியில் இயங்கும் சிறு வானொலி ஒன்று தலைமாட்டில் இருக்கட்டும். அதன் பற்றரியைக் கார்த்திகை பிறக்குமுன் மாற்றிவிடுங்கள்.