பதிப்பு எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் மொழிக் கேள்வி

‘கட்டரை மூடி வைக்கவும்.’ தோல் பட்டறைக்கான பாதுகாப்புக் கையேடு ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். தாராவியில் அதைப் படிக்கும் தமிழ்த் தொழிலாளி எதை மூடுவார்? வெட்டும் கருவியையா, சாக்கடையையா? மும்பை இந்தியிலும் மராத்தியிலும் சாக்கடைக்கு வழங்கும் பெயர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. வெட்டுங்கருவியின் பெயரும் ஆங்கிலத்திலிருந்து வந்ததே. மூலத்தில் முதல் ஒலியிலேயே வேறுபடும் இவ்விரு சொற்களும் தமிழ் எழுத்துக்குள் நுழைந்ததும் ஒன்றாகிவிடுகின்றன. குழாய்க்கு அங்கு வழங்கும் ‘நல்’ என்ற சொல்லும் அவ்வாறே. ‘கையில் மருந்து பட்டால் நல் தண்ணீரில் கழுவவும்’ என்று எழுதினால், குழாய்த் தண்ணீர் என்று எழுதியவர் கருதியதை, செம்பூரில் மெய்ப்புப் பார்ப்பவர் ‘நல்ல தண்ணீர்’ என்று திருத்திவிடக்கூடும். குடிநீரைக் குடத்தில் சேமித்து வாழும் ஒரு குடியிருப்பில் அந்தத் திருத்தம் சிறு பிழையன்று.

இது சொல்லாக்கச் சிக்கல் போலத் தோன்றும். ஆனால் இதற்கான விடையின் ஒரு பகுதி, திட்டம் தொடங்கும் நாளன்று எவரும் அதிகம் யோசிக்காமல் எடுக்கும் ஒரு முடிவில் இருக்கிறது. ஆவணத்தை எந்தக் குறியிடு மொழியில், அதன் எந்தப் பதிப்பில் எழுதுவது என்பதே அம்முடிவு. கணினித் துறையினரின் விருப்பத்துக்கு விடப்படும் இக்கேள்வி, உண்மையில் மொழியியலாளரும் அமர்ந்து பேச வேண்டிய ஒன்று.

தொழில்நுட்பக் கையேடுகளுக்கென நீண்டகாலமாகப் பயன்பாட்டில் உள்ள குறியிடு மொழி டாக்புக். 1991-இல் ஹால் கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ், ஓ’ரெய்லி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாகத் தோன்றி, பின்னர் ஓயாசிஸ் என்னும் தர அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. அதன் 4.5 பதிப்பு 2006-இலும், 5.0 பதிப்பு 2009-இலும், 5.1 பதிப்பு 2016-இலும் ஓயாசிஸ் தரங்களாக வெளிவந்தன. 4-இலிருந்து 5-க்குச் சென்றபோது பழைய ஆவணங்கள் அப்படியே செல்லுபடியாகாத அளவுக்கு அமைப்பு மாறியது. ஆகவே புதிய திட்டத்தைத் தொடங்குவோர் முன் நிற்கும் மெய்யான தேர்வு, 4 வரிசையா 5 வரிசையா என்பதே.

இரண்டுக்கும் இடையே பல வேறுபாடுகள் உள்ளன. நூல் விவரத்துக்கும் அத்தியாய விவரத்துக்கும் தனித்தனியாக இருந்த குறிகள் 5-இல் ஒன்றாயின, இணைப்புகளைக் குறிக்கும் முறை மாறியது, பெயர்வெளி வந்தது. இவை எழுதுவோருக்கு வசதிகள். தமிழுக்கு, அதிலும் மும்பைத் தமிழுக்கு, முக்கியமானவை வேறு இரண்டு.

முதலாவது, மொழிக்குறி. 4 வரிசையிலும் ஒரு சொல்லின் மொழியைக் குறிக்க வழி உண்டு. ஆனால் அது டாக்புக்குக்கே உரிய குறி; டாக்புக்கை அறிந்த மென்பொருளுக்கு மட்டுமே அதன் பொருள் விளங்கும். 5 வரிசை அதை விடுத்து, எக்ஸ்எம்எல் தரத்திலேயே வரையறுக்கப்பட்ட பொது மொழிக்குறியை ஏற்றது. எனவே எக்ஸ்எம்எல்லைக் கையாளும் எந்தக் கருவியும், டாக்புக் என்ற பெயரையே அறியாவிட்டாலும், ஒரு சொல் எந்த மொழியைச் சேர்ந்தது என்பதை அறிய முடியும். மொழிக்குறிகளுக்கான இணையத் தரம் 2006-இல் திருத்தப்பட்டபோது மொழியையும் எழுத்தையும் பிரித்துச் சொல்லும் முறையான வழியும் கிடைத்தது. ‘இந்திச் சொல், தமிழ் எழுத்தில்’ என்று ஒரே குறியில் சொல்லலாம். ‘நல்’ என்பதற்கு அக்குறியை இட்டால், அது ‘நல்ல’ என்பதன் குறை வடிவம் அன்று என்பது மெய்ப்புப் பார்ப்பவருக்கும் தெரியும், தேடுபொறிக்கும் தெரியும், இந்திப் பதிப்பை உருவாக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தெரியும்.

தமிழ் எழுத்து ககரத்தின் நான்கு வருக்க ஒலிகளையும் ஒரே வடிவில் எழுதுவது. அது குறையன்று, தமிழின் ஒலியனியலுக்கு அதுவே பொருத்தம். ஆனால் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கலந்து புழங்கும் ஊரில், எழுத்து சொல்லாமல் விடுவதை வேறு ஏதேனும் ஒன்று சொல்ல வேண்டும். ஓரறை வீட்டைக் குறிக்கும் மராத்திச் சொல் தமிழ் எழுத்தில் ‘கோலி’ ஆகிறது. சிறுவர் விளையாடும் கோலிக்கும் அதற்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. மொழிக்குறி இல்லாத தரவுத்தொகுப்பில் இவ்விரண்டையும் எந்த ஆய்வாளரும் இயந்திரத்தின் துணையோடு நம்பிக்கையாகப் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டாவது, சரிபார்ப்பு. 4 வரிசையின் விதிகள் டிடிடி என்னும் பழைய முறையில் எழுதப்பட்டவை. எந்தக் குறிக்குள் எந்தக் குறி வரலாம் என்பதை அது நன்கு கண்காணிக்கும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க இயலாது. 5 வரிசை ரிலாக்ஸ் என்ஜி முறைக்கு மாறி, ஸ்கீமட்ரான் விதிகளையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ‘சொற்பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு சொல்லுக்கும் மொழிக்குறி இருந்தாக வேண்டும்’ போன்ற விதியை ஒரு திட்டம் தனக்கென எழுதி அதே முறையில் இணைக்கலாம். ஸ்கீமட்ரானை 4.5-உடனும் புறமாகப் பூட்டலாம் என்பது உண்மை. ஆனால் புறமாகப் பூட்டியது, பூட்டியவர் திட்டத்தை விட்டுச் சென்றதும் கழன்றுவிடும். ஆய்வு உதவித்தொகையில் இயங்கும் திட்டங்களில் ஆட்கள் மாறுவது விதிவிலக்கன்று.

இவ்வளவு சொன்ன பிறகும் 4.5-க்கு ஆதரவான வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அது நிலைபெற்றது, அதற்கான அச்சுப் பாணிகளும் மொழிபெயர்ப்புக் கருவிகளும் முதிர்ந்தவை. கேடீஈ திட்டத்தின் கையேடுகள் 4.5-ஐ அடியொற்றிய வடிவத்திலேயே எழுதப்பட்டு வந்துள்ளன. பல மொழிகளில் மொழிபெயர்ப்புகள் குவிந்துள்ள இடத்தில் அடித்தளத்தை அசைக்காதிருப்பது விவேகம். ஆனால் அந்த நியாயம் பழைய ஆவணக் குவியல் உள்ளவருக்கு உரியது. புதிய திட்டத்துக்குக் காப்பாற்ற வேண்டிய பழைமை ஏதுமில்லை. கேடீஈயின் காரணத்தை வைத்துக்கொள்ளாமல் அதன் முடிவை மட்டும் கடன் வாங்குவது பொருந்தாது.

இன்னொரு எதிர்வாதம் இதனினும் வலியது. இந்தச் சுமையெல்லாம் எதற்கு, எளிய குறியீடு போதாதா? லினக்ஸ் கருவின் ஆவணங்கள் 2016 முதல் டாக்புக்கை விட்டு ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டுக்கு மாறின. ஃப்ரீபிஎஸ்டி ஆவணத் திட்டம், 5-ஆம் வரிசைக்கே வந்துசேர்ந்த பிறகும், 2021-இல் ஆஸ்கிடாக்குக்குச் சென்றது. எழுதுவோர் தொகை பெருக வேண்டும் என்பது அவர்களின் கவலை. அது நேர்மையான கவலையே. ஆயினும் அங்கு எழுதுவோர் பெரும்பாலும் நிரலாளர். மூல ஆவணம் ஆங்கிலம் என்னும் ஒரே மொழியில் அமைவது. ஒரே வாக்கியத்துக்குள் மூன்று மொழிச் சொற்கள் வரும் உரைக்கு அவர்களின் முன்மாதிரி முழுதும் உதவாது. அடிப்படை மார்க்டவுனில் ஒரு சொல்லின் மொழியைக் குறிக்கத் தனி வழியே இல்லை. களப்பணியாளர் எளிய வடிவில் எழுதட்டும். பாதுகாக்கப்படும் மூலம் மட்டும் டாக்புக் 5-இல் இருக்கட்டும். வேலைப் பிரதியும் காப்புப் பிரதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழுக்கு இத்தகைய தேர்வின் விலை தெரியாததன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்குமுள்ள தன்னார்வலர் தட்டச்சு செய்த நூல்களைத் தொடக்கக் காலத்தில் தகுதர வடிவில், அதாவது திஸ்கி குறியேற்றத்தில் வெளியிட்டது; பின்னர் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அம்மாற்றம் இயன்றதற்குக் காரணம், திஸ்கியின் குறியேற்ற அட்டவணை பொதுவெளியில் இருந்தமை. அதே காலத்தில் தத்தம் எழுத்துருவுக்கென மட்டும் உருவாக்கப்பட்ட குறியேற்றங்களில் தட்டச்சான உரைகள், அந்த எழுத்துரு கைவசம் இல்லாதவருக்கு வெறும் பொருளற்ற குறிகளாயின. பழையதாவது எந்தத் தரத்துக்கும் நேரும். ஆவணப்படுத்தப்படாத தரமே உரையைக் கொல்கிறது. டாக்புக் 5 ஆவணம் தன் பதிப்பு எண்ணைத் தலைக்குறியிலேயே தாங்கி நிற்கிறது. ஐம்பது ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு அது எழுதப்பட்ட விதி எது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

5 வரிசைக்குள் எந்த எண் என்பது ஒப்பீட்டளவில் சிறு கேள்வி. அவ்வரிசைக்குள் ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குச் செல்வது கடினமன்று. எனினும் 5.1 கொண்டுவந்த ஒரு வசதி மும்பைக்குப் பொருந்தும்: சிறு சிறு தலைப்புகளாக எழுதி, தேவைக்கேற்பக் கோத்து வெவ்வேறு கையேடுகளாக்கும் முறை. சுண்ணாம்பில் ஊறவைத்தல், சாயமேற்றுதல் முதலியவற்றுக்கான எச்சரிக்கைகளை ஒருமுறை எழுதி, தமிழ், இந்தி, மராத்திக் கையேடுகளில் தனித்தனியே அமைக்கலாம். ஆகவே 5.1 அல்லது அதற்குப் பிந்தையதைத் தேர்ந்து, அந்த எண்ணைத் திட்டக் குறிப்பில் எழுதி, விதிக்கோப்பின் படியொன்றை ஆவணங்களோடு சேர்த்தே காப்பகத்தில் வைப்பது நலம். டாக்புக்கில் உள்ள நூற்றுக்கணக்கான குறிகளில் திட்டத்துக்குத் தேவையான சிலவற்றை மட்டும் அனுமதித்து, ஏனையவற்றை விதிக்கோப்பிலேயே அடைத்துவிடுவது அதனினும் நலம்.

பந்தயத்தில் இருப்பது ஒரு கோப்பின் நலம் மட்டுமன்று. தாராவியின் தமிழில் நெல்லைச் சீமையிலிருந்து தோல் தொழிலோடு வந்த வழக்கு இருக்கிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பாலக்காட்டு வழக்கும் தஞ்சை வழக்கும் இருக்கின்றன. கையேட்டைத் திருத்துவோர் ஒரு வழக்கினராகவும் படிப்போர் இன்னொரு வழக்கினராகவும் இருப்பது மும்பையில் இயல்பு. குறியிடப்படாத சொல் திருத்துவோர் கண்ணுக்குப் பிழை. குறியிடப்பட்ட அதே சொல் தரவு. முன்னது நீக்கப்படும், பின்னது விளக்கப்படும். தொழிலாளரின் சொல் எழுத்தில் நிலைப்பதும் அழிவதும் பல வேளைகளில் இந்தச் சிறு வேறுபாட்டையே சார்ந்திருக்கிறது.

மொழியியல் துறைகள் தம் மாணவருக்கு ஒலியன்களையும் உருபன்களையும் கற்பிப்பது போலவே, மொழிக்குறியையும் விதிக்கோப்பையும் கற்பிக்க வேண்டிய காலம் இது. திட்ட முன்மொழிவில் கருவிகள் என்ற தலைப்பின் கீழ் ஒற்றை வரியில் முடிந்துவிடும் பதிப்புத் தேர்வு, ஆய்வுமுறை என்ற தலைப்பின் கீழ் ஒரு முழுப் பத்தியாக, காரணங்களோடு எழுதப்பட வேண்டும். நெறியாளர்கள் அப்பத்தியைக் கேட்டு வாங்கத் தொடங்கினாலே போதும். மாணவர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள்.